ஆக்கிய மொழியும் வழங்கும் மொழியும்

மொழி பற்றிய உரையாடல்களிலே 'இயற்கை மொழி', 'செயற்கை மொழி' என்னும் இரு தொடர்களும் மிக இலகுவாக எடுத்தாளப்படுகின்றன. முன்னது மக்களிடையே தானாகத் தோன்றி வளர்ந்தது. பின்னது ஒருவர் மேசைமுன் அமர்ந்து செய்தது. ஆதலால் முன்னதே மொழி, பின்னது மொழிபோலத் தோற்றும் ஒரு குறியீட்டுத் தொகுதி என்பது பலர்க்கும் உடன்பாடான முடிபு. கேட்ட மாத்திரத்திலே பொருத்தமாகத் தோன்றும் இம்முடிபு, ஒன்றின் தன்மையை அதன் பிறப்பைக்கொண்டு தீர்மானிக்கின்றது. மனிதர் விடயத்திலே இம்முறையின் அபத்தத்தை ஒப்புக்கொள்ளும் அறிஞரும் மொழி என்று வரும்போது அதனைக் கைவிடத் தயங்குவது வியப்புக்குரியது.

தமிழிலக்கண மரபு இவ்விடயத்தில் வேறொரு நோக்கினைத் தருகின்றது. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், நூலாசிரியர் வழக்கினையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தார் என்றே கூறும். ஒரு மொழி யாரால் எப்போது தோன்றிற்று என்பதன்று அங்கு முதன்மை பெறுவது. அது மக்களிடையே எவ்வாறு வழங்குகின்றது, ஆக்கங்களிலே எவ்வாறு அமைகின்றது என்பதே. ஆக்கப்பட்ட மொழிகளை மதிப்பிடுவதற்கும் இவ்விரு அளவுகோல்களே பொருத்தமானவை. அவற்றுள்ளும் வழக்கே அடிப்படையானது என்பது, இம்மொழிகளுட் சிலவற்றின் வரலாற்றை நோக்குமிடத்துத் தெளிவாகும்.

முதலில் 'இயற்கை மொழி' என்னும் தொடரையே சிறிது சோதித்தல் வேண்டும். நோர்வேயில் இன்று அரச அங்கீகாரம் பெற்ற இரு எழுத்து வழக்குகளுள் ஒன்றாகிய நைநோர்ஸ்க், இவார் ஆசென் என்னும் தனியொருவர் நாட்டுப்புறங்களிலே திரிந்து கிளைமொழிகளைத் திரட்டி, 1848இல் ஓர் இலக்கணத்தையும் 1850இல் ஓர் அகராதியையும் வெளியிட்டதிலிருந்து உருவானது. அவர் வகுத்த வடிவத்தை அப்படியே பேசிய கிராமம் எதுவும் இருந்ததில்லை. ஆயினும் 1885இல் நோர்வேப் பாராளுமன்றம் அதற்குச் சமநிலை வழங்கிற்று. எஸ்தோனியாவில் யொஹான்னஸ் ஆவிக் என்பார், எம்மொழியிலிருந்தும் நேரே பெறாத சொற்களையே புனைந்து வழங்கினார். ஆயுதம் என்ற பொருளில் அவர் தந்த 'ரெல்வ்' என்னும் சொல்லை இன்றைய எஸ்தோனியர் தம் முன்னோர் சொல்லாகவே கருதிப் பயன்படுத்துகின்றனர். எபிரேயம், எவருடைய தாய்மொழியாகவும் இல்லாதிருந்த பல நூற்றாண்டுகளின் பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வீட்டு மொழியாக்கப்பட்டது. அகராதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையே பென் யெகூதா புதிதாக ஆக்கவேண்டியிருந்தது. தொலைவில் உள்ள உதாரணங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லும் இருபதாம் நூற்றாண்டிலே ஆக்கப்பட்டதுதான். அதனைச் செயற்கைச் சொல் என்று இன்று எவரும் உணர்வதில்லை.

இவையெல்லாம் ஏற்கனவே வாழ்ந்த மொழியொன்றின்மேல் நிகழ்ந்த திருத்தங்களே, முழுமொழியொன்றை வெறுமையிலிருந்து படைத்தலோடு இவற்றை ஒப்பிடலாகாது என்று வாதிடலாம். அவ்வாதம் நியாயமானது. எனினும், மொழியிலே மனிதரின் திட்டமிட்ட கைவேலை கலத்தல் அதன் உயிரைப் போக்கிவிடுவதில்லை என்ற அளவுக்கேனும் இவ்வுதாரணங்கள் பயன்படும். மறுபுறத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து நிக்கராகுவாவின் மனாகுவா நகரிலே ஒன்றுசேர்க்கப்பட்ட செவிப்புலனற்ற பிள்ளைகள், எவரும் கற்பியாமலே, தமக்குள் ஒரு சைகைமொழியை உருவாக்கினர். தோன்றிய பத்தாண்டைக்கூடச் சுட்டிக்காட்டத்தக்க அம்மொழியை மொழியன்று என்பார் மொழியியலாளருள் இல்லை. ஆகவே தொன்மை ஒரு மொழிக்கு இன்றியமையாத இலக்கணமாகாது. வெறுமையிலிருந்து தனியொருவர் படைத்த மொழிகளின் நிலை யாது என்பதே எஞ்சும் வினா.

இவ்வகையில் முதலிலே பெருவெற்றி கண்டது வொலப்பூக். தென் யேர்மனியின் பேடன் பிரதேசத்துக் கத்தோலிக்கக் குருவாகிய யொஹான் மார்ட்டின் ஷ்லையர் இதனை 1879-80இல் வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அதற்கப்பாலும் நூற்றுக்கணக்கான கழகங்களும், இருபதுக்கு மேற்பட்ட சஞ்சிகைகளும் தோன்றின. 1889இல் பாரிஸ் நகரிலே கூடிய மூன்றாவது மாநாட்டின் நடவடிக்கைகள் அம்மொழியிலேயே இடம்பெற்றன. பேசுவோர் கூடிய அந்த வேளையிலேதான் மொழி உடையத் தொடங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. அதன் கல்விக்கழகத்துக்குத் தலைமை தாங்கிய கெர்க்ஹொவ்ஸ் இலக்கணத்தை எளிமைப்படுத்த முனைந்தார். ஷ்லையரோ, மொழி தமது படைப்பு, எந்த மாற்றத்தையும் தடுக்கும் இறுதி உரிமை தமக்கே உண்டு என்று நின்றார். பிளவுகள் பெருகின, கல்விக்கழகம் ஈற்றிலே வேறொரு மொழியையே வகுத்துக்கொண்டு சென்றது. வொலப்பூக்கின் வீழ்ச்சிக்கு அதன் கடினமான இலக்கணத்தைக் காரணமாகக் கூறுவோர் பலர். கடினமான இலக்கணத்தால் மொழிகள் அழியுமாயின் உலகில் எஞ்சுவன சிலவே. வொலப்பூக்கின் குறை வேற்றுமையுருபுகளில் இருக்கவில்லை. அதன் தந்தை அதனைத் தனித்து வாழவிடவில்லை.

இதற்கு மாறான வரலாறு எஸ்பெராந்தோவினுடையது. ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பியலிஸ்தொக் நகரில் 1859இல் பிறந்த லூட்விக் சமென்ஹோவ் ஒரு கண் வைத்தியர். போலந்தியர், ரஷ்யர், யேர்மனியர், யூதர் ஆகியோர் ஒருவரையொருவர் பகைத்து வாழ்ந்த அந்நகரின் அனுபவமே தம்மை ஒரு பொதுமொழியை நாடத் தூண்டிற்று என்று அவரே எழுதியுள்ளார். 1887 யூலையில் வார்சோவிலே, 'நம்பிக்கை கொண்டவர்' எனப் பொருள்படும் புனைபெயரில், ஏறத்தாழ நாற்பது பக்கங்கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். பதினாறு விதிகளில் அடங்கும் இலக்கணமும் தொள்ளாயிரமளவான வேர்ச்சொற்களும் அதிலிருந்தன. அந்நூலின் இலக்கணத்தைவிட முக்கியமானது, அதிலே அவர் செய்த ஓர் அறிவிப்பு. சர்வதேச மொழியும் ஏனைய மொழிகளைப்போலப் பொதுச்சொத்தே எனக் கூறி, அதன்மீது தமக்குள்ள உரிமைகள் அனைத்தையும் என்றென்றைக்குமாக அவர் துறந்தார்.

இவ்வறிவிப்பு வெறும் பெருந்தன்மையன்று என்பதை 1894ஆம் ஆண்டு காட்டிற்று. வற்புறுத்தல்களுக்கு இணங்கி, சமென்ஹோவ் தாமே விரிவான சீர்திருத்தங்களைத் தயாரித்துச் சஞ்சிகைச் சந்தாதாரர்களின் வாக்குக்கு விட்டார். பெரும்பான்மையோர் மறுத்தனர், ஆக்கியவரும் அடங்கினார். தான் செய்த மொழியிலே தான் விரும்பிய மாற்றத்தைச் செய்ய ஒருவரால் இயலாதுபோன அந்த நாளிலேயே எஸ்பெராந்தோ மொழியாயிற்று எனல் தகும். 1905இல் பிரான்ஸின் புலோன் துறைமுக நகரிலே ஏறத்தாழ எழுநூறு பேர் கூடிய முதலாவது உலக மாநாடு, இம்மொழிக்குச் சட்டபூர்வமான எசமானர் எவருமிலர் என்று பிரகடனஞ் செய்தமை, ஏற்கனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றின் பதிவேயாகும். 1907இல் தர்க்கச் செம்மை மிக்க 'இதோ' என்னும் திருத்த மொழி முன்வைக்கப்பட்டபோது தலைவர்கள் பலர் அதன்பாற் சென்றனர். சாதாரண வழங்குநரிற் பெரும்பாலோர் செல்லவில்லை. செம்மை, வழக்கை வெல்லவில்லை.

மொழியியலாளர் பேர்டினண்ட் டி சசூர் இதனைக் கோட்பாட்டளவிலே முன்னுணர்ந்திருந்தார். அவர் மறைந்தபின் 1916இல் வெளிவந்த விரிவுரை நூலிலே, மொழியொன்றைப் படைப்பவன் அது புழக்கத்துக்கு வராதவரையே அதனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும் என்றும், எல்லோருக்கும் உரியதாகிய கணத்திலே அக்கட்டுப்பாடு அறும் என்றும் கூறி, எஸ்பெராந்தோவையே உதாரணமாகச் சுட்டுகின்றார். வருங்காலத்தவர் மாற்றமின்றி ஏற்கவேண்டிய மொழியொன்றைச் செய்ய விழைபவனை, வாத்து முட்டையை அடைகாத்த கோழிக்கு அவர் ஒப்பிடுகின்றார். அவருடைய தம்பியாரான ரெனே டி சசூர் எஸ்பெராந்தோ இயக்கத்திலே தீவிரமாக உழைத்தவர் என்பது சுவையான ஒரு செய்தி.

வாத்துக்குஞ்சு நீரில் இறங்கியதற்குச் சான்றுகள் உள. எஸ்பெராந்தோ, ஐரோப்பிய வேர்களை ஒட்டுநிலை மொழிகளின் முறையிலே கோக்கின்றது. வைத்தியசாலையைக் குறிக்கும் 'மல்சானுலேயோ' என்ற சொல்லிலே 'மல்' எதிர்ப்பொருள், 'சான்' உடல்நலம், 'உல்' ஆள், 'எய்' இடம், 'ஓ' பெயர்ச்சொல்லீறு. நலமற்றவர்க்கான இடம் என்பது பொருள். திராவிட மொழிகளைப் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. கற்பதற்கு எளிதாகிய இம்முறை கவிஞர்க்குச் சுமையாயிற்று. இளமைக்கு ஒரு சொல்லைத் தந்து, முதுமையை 'இளமையின் எதிர்' என்றே கூறவைக்கும் மொழியில் முதுமையைப் பாடுவது எங்ஙனம்? ஆகவே கவிஞர்கள் 'மல்' நீங்கிய தனிச்சொற்களைக் கொணர்ந்தனர். தூயவாதிகள் கண்டித்தனர்; சில சொற்கள் நிலைத்தன, சில செய்யுளோடு நின்றன. நாட்டுப் பெயர்களை ஆக்க சமென்ஹோவ் வகுத்த ஒட்டினைப் பெரும்பாலோர் கைவிட்டு வேறோர் ஒட்டை ஏற்றனர். ஒட்டுக்களே பிரிந்து தனிச்சொற்களாய் நடமாடத் தொடங்கின. 'வானம் நீலமாய் இருக்கின்றது' என்பதற்குப் பதிலாக, பெயரடையையே வினையாக்கி 'வானம் நீலிக்கின்றது' என்பது போலச் சொல்லும் வழக்குப் பரவிற்று. வினையெச்சங்களையொத்த சில வடிவங்களின் காலப்பொருள் பற்றி எழுந்த பிணக்கு 1967இல் அதன் கல்விக்கழகம் தலையிடும்வரை நீடித்தது. ஒரு குறியீட்டுத் தொகுதிக்காக மனிதர் இவ்வளவு காலம் சண்டையிடுவதில்லை.

இம்மொழியினர் அடைந்த துன்பங்களையும் சிலர் அதன் உண்மைத்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். ஹிட்லர் தமது நூலிலேயே எஸ்பெராந்தோவை யூதரின் சூழ்ச்சிக் கருவியாகச் சாடினார்; 1936இல் யேர்மனியில் அதன் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. சோவியத் ஒன்றியத்திலே 1937-38ஆம் ஆண்டுக் களையெடுப்பில் இயக்கத்தின் முன்னணியினர் பலர் கொல்லப்பட்டனர். சமென்ஹோவின் மூன்று பிள்ளைகளும் நாஸிகளின் ஆட்சியிலே மாண்டனர்: மகன் 1940இல் சுடப்பட்டார், மகளிர் இருவரும் 1942இல் திரெப்ளிங்கா முகாமில் மடிந்தனர். இக்கொடுமைகள் ஒரு சமூகம் இருந்தது என்பதை நிறுவுமேயன்றி, மொழியின் தன்மையை நிறுவமாட்டா. ஆயின் சமூகமின்றி வழக்கு இல்லை என்ற அளவில் இவை புறக்கணிக்கத்தக்கனவுமல்ல.

இனிச் செய்யுள். இவ்விடத்தில் ஜே. ஆர். ஆர். டொல்கீனின் கருத்து ஆராயத்தக்கது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மொழிநூற் பேராசிரியராகிய அவர், பின்னிஷ் மொழியின் ஒலியழகில் மயங்கிக் 'குவென்யா'வையும், வேல்ஸ் மொழியைத் தழுவிச் 'சிந்தாரின்' என்பதையும் புனைந்தார். தமது கதைகள் மொழிகளுக்கு ஓர் உலகத்தை அளிப்பதற்காகவே எழுந்தன என்று அவர் கூறிவந்தார். எஸ்பெராந்தோ போன்றன பண்டைய மொழிகளைவிடவும் இறந்தவை, ஏனெனில் அவற்றை ஆக்கியோர் அவற்றுக்குரிய புராணக்கதைகளை ஆக்கவில்லை என்பது 1956ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கடிதத்திலே வெளியிட்ட தீர்ப்பு. 1930களின் தொடக்கத்திலே எஸ்பெராந்தோவை ஆதரித்து எழுதியவரும் அவரேயாதலின் இதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இத்தீர்ப்பின் அடிப்படையில் ஓர் உண்மை உண்டு. கதையும் பாட்டும் நினைவும் தோய்ந்திராத சொல் மெலிந்த சொல்லே. ஆனால் அத்தோய்வினை ஆக்கியோனே ஊட்டிவிடலாம் என்று டொல்கீன் கருதியதிலே தவறு இருக்கின்றது. குவென்யாவுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு உண்டு, ஒலிமாற்றங்கள் உண்டு, புலம்பற் பாடல்கள் உண்டு. அதனைத் தவறாகப் பேசக்கூடிய ஒருவரேனும் இல்லை. 1973இல் மறையும்வரை அவர் அதன் இலக்கணத்தை மீண்டும் மீண்டும் மாற்றினார். இன்று அதனைப் பயில்வோர், வடிவமொன்று சரியா பிழையா என்பதற்கு அவர் விட்டுச்சென்ற தாள்களையே நாடவேண்டியுள்ளது. செய்யுள் இருக்கின்றது, வழக்கு இல்லை. அழகிய ஒரு கலைப்படைப்பு என்று அதனைப் பாராட்டலாம், அது சிறுமையன்று. ஆயின் ஓவியத்திலுள்ள பழத்தை எவரும் உண்ணார்.

எஸ்பெராந்தோவுக்குக் கதைகள் இல்லை என்பதும் 1956இல் உண்மையாயிருக்கவில்லை. ஹங்கேரிய வைத்தியரும் கவிஞருமான கல்மான் கலொச்சாய், பிரெஞ்சுக்காரரான வாரிங்கியனுடன் சேர்ந்து 1932இலேயே அம்மொழிக்கு ஒரு யாப்பியல் நூலை எழுதியிருந்தார். டொல்கீன் கடிதம் எழுதிய அதே ஆண்டளவிலேதான் ஸ்கொத்லாந்து ஆசிரியர் வில்லியம் ஓல்ட் 'குழந்தை இனம்' எனப் பொருள்படும் தமது நெடுங்கவிதையை வெளியிட்டார். எஸ்பெராந்தோக் கவிதையின் பெரும்பகுதி மிகச் சாதாரணமானது என்பதை மறைப்பதில் பயனில்லை. பசுமை நட்சத்திரத்தையும் வருங்கால நம்பிக்கையையும் பாடும் மொழிவாழ்த்துக்களே அதில் மலிந்துள்ளன. எந்த மொழியிலும் மொழிவாழ்த்து எளிதிற் சலித்துவிடும். ஓல்டின் கவிதை அவ்வரிசையிலிருந்து விலகி, மனித இனத்தின் முதிராமையைத் தன் பொருளாகக் கொண்டது. எஸ்பெராந்தோவைப் பற்றிப் பேசுவதற்காக எஸ்பெராந்தோவில் எழுதப்பட்டதன்று. அதனினும் குறிப்பிடத்தக்கது ஓர் உரைநடை நூல். முதலாம் உலகப் போர்க்காலத்தில் எஸ்பெராந்தோவைக் கற்ற புடாபெஸ்ற் வழக்கறிஞர் திவடார் சொரொஸ், 1944இல் நாஸிகள் அந்நகரைக் கைப்பற்றியபோது பொய்ப் பெயர்களின் மறைவிலே தம் குடும்பத்தைக் காத்த வரலாற்றை 1965இல் எஸ்பெராந்தோவிலேயே நூலாக்கினார். தாய்மொழியில் எழுத வல்ல ஒருவர், வாழ்வின் மிகக் கொடிய ஆண்டினைச் சொல்ல இம்மொழியைத் தெரிந்தமை, எந்த வரைவிலக்கணத்தையும்விட வலிமையான வாதமாகும்.

கிளிங்கன் மொழியின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1984இல் வெளிவந்த ஒரு விண்வெளித் திரைப்படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட் இதனை விரித்து ஆக்கினார். 1985இல் அகராதி வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகமும் பின்னர் அம்மொழியில் வெளிவந்தது. அதிலே சரளமாக உரையாடுவோர் சிலர் உளர். ஆயினும் புதிய சொல்லை ஆக்கும் அதிகாரத்தை அவர்களே ஒக்ராண்டிடம் ஒப்படைத்துள்ளனர்; அவர் தருவதே சொல். அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் தம் மகனிடம் சில ஆண்டுகள் கிளிங்கனிலேயே பேசிப்பார்த்தார். வீட்டிலுள்ள சாதாரணப் பொருள்கள் பலவற்றுக்குச் சொல் இல்லை. பிள்ளையும் விரைவிலே ஆர்வமிழந்தது. இரசிகர் திரைப்படமொன்றின் தொடர்பில் 2015இல் அமெரிக்காவிலே தொடுக்கப்பட்ட வழக்கில், கிளிங்கன் மொழியும் தமது பதிப்புரிமைக்கு உட்பட்டதே எனத் திரைப்பட நிறுவனத்தினர் வாதிட்டனர். மொழியாக்குநர் சங்கமொன்று 2016இல் அதனை எதிர்த்து, இடையிடையே கிளிங்கன் தொடர்களைக் கொண்ட ஒரு மனுவை நீதிமன்றத்தில் முன்வைத்தது. 2017 சனவரியில் வழக்கு இணக்கத்தில் முடிந்தமையால் மொழியொன்றை ஒருவர் உடைமையாகக் கொள்ளலாமா என்ற வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. ஆனால் அவ்வினா எழுந்ததே போதியது. எஸ்பெராந்தோ குறித்து அதனை எழுப்ப எவராலும் முடியாது.

இவ்வளவும் கூறியபின்னரும் வலிய ஓர் ஆட்சேபம் எஞ்சுகின்றது. பதினாறு விதிகள் ஒரு மொழியை முழுமையாக விபரிக்கமாட்டா. அவை கூறாது விட்ட இடங்களையெல்லாம் பேசுவோர் தத்தம் தாய்மொழியறிவைக் கொண்டே நிரப்புகின்றனர். ஆகவே எஸ்பெராந்தோ பிறமொழிகளின்மேற் படர்ந்து வாழும் ஓர் ஒட்டுண்ணியே என்பது அது. இதற்குப் பதில் கூறவேண்டியவர்கள், பெற்றோர் இருவருக்கும் பொதுவான மொழி எஸ்பெராந்தோவேயாதலால் பிறப்பிலிருந்தே அதனைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். உலகெங்கும் சேர்த்து ஆயிரத்தின் அளவிலேயே மதிப்பிடப்படும் சிறு தொகையினர் அவர்கள். அத்தகைய சிலரின் பேச்சை ஆராய்ந்து 2001இல் வெளியான ஒரு கட்டுரை, நூலிலக்கணம் வற்புறுத்தும் இரண்டாம் வேற்றுமை ஈற்றினை அவர்கள் சில வேளைகளில் விட்டுவிடுவதையும், சொல்லொழுங்கு அவர்கள் பேச்சிலே இறுகிவருவதையும் காட்டிற்று. பிள்ளைகள் மொழியைப் பெறும்போது அதனைத் தம் வழியிலே திருத்தியமைப்பர் என்பதற்கு இது இசைந்த செய்தி. நிக்கராகுவாப் பிள்ளைகள் செய்ததும் ஒருவகையில் இதுவே.

வேறுபாடு அடுத்த கட்டத்திலே தோன்றுகின்றது. மனாகுவாவிலே பிள்ளைகளைத் திருத்த எவருக்கும் தகுதி இருக்கவில்லை. எஸ்பெராந்தோக் குடும்பத்திலோ, நூலிலிருந்து மொழியைக் கற்ற தந்தை, தாயின் மடியில் அதனைக் கற்ற மகனின் பேச்சைப் பிழையென்று திருத்துகின்றார். வளர்ந்தபின் அம்மகனும் பெரும்பாலும் நூல்வழக்குக்கே திரும்புகின்றான். சங்கங்களிலும் மாநாடுகளிலும் அவனுடைய பேச்சுக்குத் தனி மதிப்பு இல்லை. தாய்மொழியாளன் என்ற காரணத்தால் அவன் கூறுவது வழக்காகிவிடுவதுமில்லை. சமென்ஹோவ் தம் உரிமையைத் துறந்தார். 1905இல் நிலைநிறுத்தப்பட்ட அடிப்படை நூல் இன்னும் துறக்கவில்லை.